‘அடுத்த ஏலம்’ அண்ணன்

புதிய உதிரிப் பாகங்களின் விற்பனைக்கு எங்கள் மெக்கானிக் அண்ணனைப் போன்ற ஓர் எதிரி போடிநாயக்கனூரில் இதுவரை தோன்றியதில்லை, இனித் தோன்றப்போவதுமில்லை. அவரைப் பற்றி உலவும் கதைகளுக்கு அளவில்லை. மாட்டுவண்டி அச்சை ஜீப்புக்குப் பொருத்தி மலையேற்றினார் என்பார்கள். அந்த ஜீப்பைக் கண்டவர் ஒருவருமில்லை. ஆதலால், நானோ என் மனைவியோ நேரில் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே இங்கே தருகிறேன். உயிரோடு இருப்பவரைப் பற்றி எழுதும்போது அதுவே முறை. அவர் எந்நேரமும் கையில் ஸ்பானரோடு இருப்பவர் என்பது இன்னொரு காரணம்.

விலை படியாத நாளில் ஏலக்காய் விவசாயி, “அடுத்த ஏலத்துக்குப் பாப்போம்” என்று சரக்கைக் கொடுக்காமல் வீடு திரும்புவது எங்கள் ஊர் வழக்கம். தேய்ந்த பாகத்தைக் கழற்றி, உருட்டி, முகர்ந்து, அதே சொல்லைச் சொல்லி அதே இடத்தில் மாட்டிவிடுவது அந்த மெக்கானிக்கின் வழக்கம். அந்தச் சொல்லே அவருக்குப் பெயராயிற்று.

என் மனைவி மலைமேல் ஒரு பள்ளியில் ஆசிரியை. இருபது வயதான எங்கள் காரில் நாள்தோறும் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்குகிறாள். ஒரு பக்க வைப்பர் செத்தபோது அவரிடம் போனேன்.

“ஓட்டுறது ஒரு ஆளுதான சார்? வைப்பரு எதுக்கு ரெண்டு?”

சைலன்சரில் ஓட்டை விழுந்து, கார் தெருமுனைக்கு வருமுன்பே வீடு அதிர்ந்தது.

“நல்லதுதான சார்! டீச்சரு வர்றது தெரிஞ்சா வெரசா அடுப்பப் பத்த வைக்கலாம்ல?”

பக்கத்துச் சிலமலை ஊர்க்காரர் ஒருவர் மதுரைக்கே போய்ப் புதிய கிளட்ச் பிளேட் வாங்கிவந்து நீட்டியதை நான் கண்டேன். “மாட்டி விடுங்கண்ணே.”

அண்ணன் அதை வாங்கவே இல்லை. “பெருசு உசுரோட இருக்கும்போதே பாடை கட்டிக் கொண்டாந்திருக்கீகளே, மாப்ளே? கொண்டுபோயி வீட்ல வைங்க.”

இத்தகைய மனிதரிடம், தென்மேற்கு மழை மலையில் இறங்கிய வாரம், ஊமையாகிவிட்ட ஹாரனோடு காரைக் கொண்டுபோனேன். அவர் ஹாரனைத் தொடவில்லை. யாரும் கேளாமலே முன்சக்கரத்தைக் கழற்றினார்.

“பிரேக் லைனிங்கு மாத்தணும்.”

பத்தாண்டுப் பழக்கம் எனக்குத் துணிவைத் தந்தது. “பாதிக்கு மேல இருக்கேண்ணே. அடுத்த ஏலத்துக்குப் பாப்போம்.”

அவர் சிரிக்கவில்லை.

“மத்த சாமான் கெட்டா வண்டி நின்னு போகும் சார். இது கெட்டா வண்டி நிக்காது. தெனமும் மலையெறங்குறது யாரு, நீங்களா?”

எண்ணெய்க் கையை என் முன் நீட்டினார்.

“அந்த ஆத்தா எறங்குது. சாவியக் கொண்டாங்க.”

இரண்டு நாள் சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது. என் மனைவி பஸ்சில் போய்வந்தாள். மூன்றாம் நாள் காலை கார் கிடைத்தது. அன்று மாலை அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டாள்:

“ஏங்க, அந்த அண்ணனுக்கு மலையில ஏதும் சோலியா?”

மலை உச்சியிலுள்ள போடிமெட்டிலிருந்தே ஒரு மொபெட் அவளைத் தொடர்ந்து வந்திருக்கிறது. ஓட்டியவர் மழைக்கோட்டும் குரங்குக் குல்லாயும் அணிந்திருந்ததால் கண்கள் மட்டுமே தெரிந்தன. வளைவுதோறும் அவள் பிரேக்கை மிதித்தபோது, மொபெட் நெருங்கிவர, குல்லாய் சக்கரத்தின் பக்கம் சாய்ந்து காது கொடுத்தது. அடிவாரத்தில் அவள் டீ குடிக்க நிறுத்தினாள், மொபெட்டும் நின்றது. அதிலிருந்தவர் முதுகைக் காட்டிக்கொண்டு மலையின் அழகை இரசித்தார். மூடுபனியில் அப்போது மலையே தெரியவில்லை.

மறுநாள் அவரிடம் கேட்டேன்.

“நானா? கடையப் போட்டுட்டு அங்கிட்டு எதுக்கு சார் போறேன்? நேத்துப் பூராம் இங்கனதான் கெடந்தேன்.”

முந்தைய நாள் பிற்பகல் அவருடைய பட்டறை பூட்டிக் கிடந்ததை நான் பார்த்திருந்தேன். ஹாரனைப் பற்றிப் பேச்சை மாற்றினேன்.

கழற்றிய லைனிங் இன்னும் எத்தனை மழை தாங்கியிருக்கும் என்பது தெரியாது. மொபெட்டில் வந்தவர் யார் என்பதும் இன்றுவரை உறுதிப்படவில்லை. மழை மாலைகளில் அந்தப் பட்டறை பூட்டிக் கிடந்தால் மட்டும், மனைவி வீடு திரும்பும்வரை நான் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.