நான் படிப்பை விடுவது பற்றி எஃபிக்கு

கார்போனியர்,
அக்டோபர் 4

அன்புத் தங்கை எஃபிக்கு, அண்ணன் கிளாரன்ஸ் எழுதிக்கொள்வது. நானும் உன் அண்ணி ரூபியும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஹார்வி மாப்பிள்ளையின் முழங்கால் தேவலையா? உங்கள் பக்கம் குளிர் முந்திக்கொண்டதாக வானொலியில் சொன்னார்கள். இங்கே எனக்கு உள்ளேயே குளிர்கிறது.

விஷயம் இதுதான்: நான் படிப்பை விட்டுவிடப் போகிறேன். முப்பத்தோரு வருடம் பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்ற அன்று, மாதா கோவில் கூடத்தில் எனக்கு விருந்து வைத்தார்களே, ஞாபகம் இருக்கும். ஓய்வு பெற்றவன் எல்லாம் படகு வாங்கப் போகிறேன் என்பான். நான் எழுந்து, உயிரியலில் ஆராய்ச்சி செய்து முதுகலைப் பட்டம் வாங்கப் போகிறேன் என்றேன். ஊரே கைதட்டியது. அந்தக் கைதட்டலில்தான் என் புத்தி பிசகியது. இரண்டு வருடம் வகுப்பில் உட்கார்ந்து பரீட்சை எழுதினால் முடிந்தது என்று நினைத்தேன். இதில் வகுப்பு பெயருக்குத்தான், பரீட்சையே இல்லை. இதுவரை யாரும் கேட்காத ஒரு கேள்வியை நாமே கேட்டு, நாமே விடை தேடி, அதை ஆய்வேடாக எழுதி மூன்று பேரை நம்ப வைக்க வேண்டுமாம். எல்லாக் கேள்விக்கும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையை வைத்துக்கொண்டு வாழ்ந்தவன் நான்.

என் வழிகாட்டி யார் தெரியுமா? ஜனீன் டிஸ்ஸார்ட். நான் உயிரியலில் ஐம்பத்திரண்டு மதிப்பெண் போட்ட அதே ஜனீன். இன்று அவள் டாக்டர், நான் மாணவன். இன்னமும் 'சார்' என்றுதான் கூப்பிடுகிறாள். அதில் மரியாதை எவ்வளவு, பழைய கணக்கு எவ்வளவு என்று எனக்குப் பிடிபடவில்லை. எனக்கு அவள் கொடுத்த பொருள் கருங்கொசு. ஜூன் மாதம் நம் காதோரத்தைக் கடித்து ரத்தம் பார்க்குமே, அதன் புழு ஓடைக் கற்களில் ஒட்டிக்கொண்டு வளர்கிறது. பன்னிரண்டு ஓடைகளில் எந்த வகைப் புழு எங்கே வாழ்கிறது என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். பக்கத்து வீட்டு சிரில் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "அப்ப அதையெல்லாம் கொல்லப் போறியா?" என்றான். "இல்லடா, எண்ணப் போறேன்" என்றேன். "எண்ணி?" என்றான்.

இரண்டு கோடைக்காலம் இடுப்புவரை ரப்பர் உடுப்பு மாட்டிக்கொண்டு, ஓடைக்குள் குனிந்து, கல்லைப் புரட்டி, இடுக்கியால் புழுவை எடுத்து, கெடாமல் இருக்க எரிசாராயம் ஊற்றிய சின்னக் குப்பிகளில் போட்டேன். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு குப்பி. முதல் நாளே ஜனீன் சொன்னாள்: "சார், ஓடை பேரு, தேதி ரெண்டையும் துண்டுச் சீட்டுல பென்சில்ல எழுதி குப்பிக்குள்ளயே போட்டுடுங்க." பென்சிலா! பென்சிலில் எழுதிய விடைத்தாளைத் திருத்தாமலே திருப்பிக் கொடுத்தவன் நான். குப்பிகளின் வெளியே மார்க்கர் பேனாவால் குண்டு குண்டாக எழுதினேன். ரூபியின் ஜாம் பாட்டில்களுக்குப் பக்கத்தில் நிலவறையில் அடுக்கி வைத்திருந்தபோது பார்க்க அத்தனை அழகாக இருந்தது. போன வெள்ளிக்கிழமை அத்தனையையும் ஒரே பெட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு ஓட்டிப் போனேன். நெடுஞ்சாலை நடுவில் ஒரு மூஸ் மான், தன் அப்பன் வீட்டுச் சாலை மாதிரி நின்றது. பிரேக்கில் ஏறி நின்றேன். மானுக்கு ஒன்றும் இல்லை, எனக்கும் ஒன்றும் இல்லை, பெட்டி மட்டும் குப்புற விழுந்தது. மூடிகள் நெகிழ்ந்து சாராயம் கசிந்துவிட்டது. அங்கே போய்த் திறந்தால் பெட்டிக்குள் ஊதாக் குளம். சாராயம் பட்டால் மார்க்கர் மை கரையும் என்பது, எஃபி, உயிரியல் வாத்தியாருக்குத் தெரியவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு குப்பியிலும் புழு பத்திரமாக இருக்கிறது. எது எந்த ஓடையில் எடுத்தது என்று சொல்ல ஓர் எழுத்து இல்லை.

ஜனீன் ஒரு குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "சார், இது இப்ப ஆராய்ச்சி இல்ல. ஊறுகாய்." பிறகு மெதுவாக, "பென்சில்னு சொன்னேனே சார்" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டில் அதைவிட மோசம். "முப்பத்தோரு வருஷம் பசங்கள ஃபெயில் போட்டல்ல, இப்ப உன் முறை" என்று சொல்லிக்கொண்டே ரூபி உப்புக்கறியும் முட்டைக்கோசும் பரிமாறினாள். வெட்கமாக இருக்கிறது, எஃபி. தோற்றதற்காக மட்டும் இல்லை. இந்தப் புழுவின் படத்தைக் கரும்பலகையில் எத்தனை வருடம் வரைந்திருக்கிறேன்! உயிரோடு ஒன்றைக்கூடப் பார்க்காமலேதான் வரைந்திருக்கிறேன். அதை நினைத்தால் அழுகை வருகிறது.

இன்று காலை விலகல் கடிதத்தை ஜனீனிடம் கொடுத்துவிட்டேன். கைதட்டிய ஊரின் முகத்தில் இப்போதைக்கு முழிக்க முடியாது. அடுத்த வாரத்திலிருந்து கிறிஸ்துமஸ் வரை உன் பின்னறையை எனக்கு ஒழித்து வை. தொந்தரவு செய்ய மாட்டேன். சூப் இருந்தால் போதும், பேச்சு வேண்டாம்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி. உங்கள் கூரையைக் காற்றிலிருந்தும் உங்கள் பிள்ளைகளை மேல்படிப்பிலிருந்தும் கர்த்தர் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன் கிளாரன்ஸ்

பி.கு.: தபாலில் போட மறந்து இந்தக் கடிதம் பதினெட்டு நாளாக என் கோட்டுப் பையிலேயே கிடந்திருக்கிறது. பின்னறை வேண்டாம். என் விலகல் கடிதத்தை ஜனீன் சிவப்பு மையில் திருத்தித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். 'புழுக்கள் இனிப் பயன்படா' என்று நான் எழுதிய இடத்தில், "சான்று எங்கே? எத்தனை குப்பி பார்த்தீர்கள்?" என்று கேட்டிருந்தாள். எனக்கு வந்ததே கோபம்! பயன்படாது என்று நிரூபித்தே தீருவது என்று நுண்நோக்கி முன்னால் உட்கார்ந்தேன். நாற்பது குப்பி பார்த்ததில், ஓடைப் பெயர் இல்லாமலே, உருவத்தை வைத்தே அவை தாமாக ஐந்து கூட்டமாகப் பிரிந்து நிற்கின்றன. மறைக்க மனம் வரவில்லை, அதையும் எழுதினேன். இரண்டாவது தடவையும் திருப்பினாள். மூன்றாவது தடவை கடிதம் பதினாறு பக்கம், இரண்டு அட்டவணை. ஓடைகள் உறைவதற்குள் புதிதாகக் கொஞ்சம் புழு எடுத்து ஒப்பிட்டால் எந்தக் கூட்டம் எந்த ஓடை என்று தெரிந்துவிடும் என்றும் கடைசியில் எழுதித் தொலைத்தேன். முழுக்கப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"விலகல் கடிதத்துக்கு இது ரொம்ப நீளம் சார். முதல் அத்தியாயத்துக்குத்தான் கொஞ்சம் குட்டை."