குரங்கு நமக்கு என்ன முறை?

பட்டாபிராம்,
9.11.1993, செவ்வாய்

மதிப்புக்குரிய பெரிய மச்சான் ஜெயபால் அவர்களுக்கு, ராயப்பன் வணக்கத்துடன் எழுதுவது. நான், உங்கள் தங்கை ரோஸி, மகள் ஞானகுமாரி மூவரும் ஆண்டவர் புண்ணியத்தில் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுதவும்.

முதலில் உறுதியான செய்தி: ஞானகுமாரியின் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு பறிபோகவில்லை. சொன்னவர் பங்குத்தந்தை, நேற்று மாலை ஐந்தரைக்கு, கோயில் வாசலில், என்னிடம் நேரடியாக.

இதற்கு நன்றி உங்களுக்குத்தான். பள்ளிக்கூடத்தில் அவள் உயிரியல் நடத்துவது உங்களுக்குத் தெரியும். பரிணாமப் பாடம் கேட்ட ஒரு பையன் வீட்டுக்குப் போய், "எங்க தாத்தா கொரங்காம்" என்று சொல்ல, அவன் அப்பா உத்தமன், இப்படிப்பட்டவள் கோயிலில் வேதம் சொல்லித்தரக் கூடாது என்று பங்குத்தந்தையிடம் மனு கொடுத்துவிட்டார். ஏழு வருடமாக நடத்திய வகுப்பு நின்றது. மூன்று வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் பங்குத்தந்தை, ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் எல்லார் முன்னாலும் விளக்கம் சொல்லட்டும் என்றார். அவளுக்கு முன்னால் நான் எழுந்து நாற்பது நிமிடம் பேசினேன், இருவர் தூங்கினார்கள். உத்தமன் எழுந்தார். "இன்னா சார், கொரங்குலர்ந்து மன்சன் வந்தான்னா, வண்டலூர்ல கீற கொரங்குங்கோ இன்னாத்துக்கு இன்னும் கொரங்காவே குந்திகினு கீது?" கைதட்டல்.

அப்போதுதான் உங்கள் நினைவு வந்தது. நானும் ரோஸியும் பங்காளி முறை, கட்டக்கூடாது என்று யாரோ கிளப்பிவிட்டபோது, கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கோடு போட்டு, யார் பங்காளி, யார் மாமன் என்று காட்டி வாயடைத்தீர்களே, அதே கோட்டைக் கரும்பலகையில் போட்டேன். "சேக்காட்டுல உங்க பெரியப்பா மகன் கீறாரே, நீங்க அவருக்கா பொறந்தீங்க?"

"யோவ்!"

"ரெண்டு பேருக்கும் ஒரே தாத்தா. நீங்க வந்ததால அவரு காணாம பூட்டாரா? கொரங்கும் நமக்குத் தாத்தா இல்ல, பங்காளி. ரொம்ப தூரத்துப் பங்காளி."

கோயில் வளாகம் பெருக்கும் முனியம்மா வாசலிலிருந்து கேட்டாள்: "அப்ப கொரங்கு செத்தா எனக்குத் தீட்டு கீதா சாமி?" பங்குத்தந்தையே வாய்விட்டுச் சிரித்தார். "என் பங்குல கீற பங்காளிங்க பஞ்சாயத்தே தீரல, இது வேறயா?"

உத்தமன் விடவில்லை. "ஆண்டவர் மண்ணெடுத்து செஞ்சார்னு வேதத்துல கீதே?"

ஞானகுமாரி எழுந்தாள். "கீதுண்ணே. நானும் நம்புறேன். ஆனா எத்தினி நாள் பெசஞ்சார்னு அதுல இல்ல. அவரு அவசரப்படல, நாமதான் அவசரப்படுறோம்."

உத்தமன் உட்கார்ந்தார். அவரும் ஒப்புக்கொண்டார் என்று குறித்துக்கொண்டேன். நேற்று இரண்டு வேளையும் என் மகள் சாப்பிட்டாள்.

அந்தக் கோடு போட்ட கைக்கு ஆண்டவர் நீண்ட சுகம் தரட்டும். வீட்டில் அனைவருக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
நன்றி மறவாத
ராயப்பன்

பி.கு.: உறையை ஒட்டும்போது உத்தமன் வந்தார். சேக்காட்டு அண்ணனோடு எட்டு வருடமாகப் பேச்சில்லையாம். "அவனும் நானும் ஒண்ணுன்னு ஒத்துக்கறதுக்குப் பதிலா, நேரா கொரங்குக்கே பொறந்தேன்னு எழுதிக்க சார்!" என்று சொல்லிவிட்டுப் போனார். மேலே 'ஒப்புக்கொண்டார்' என்பதை அடித்துவிட்டு வாசிக்கவும். அவர் பையன் வகுப்புக்கு வருவானா என்பது இன்னும் உறுதியாகவில்லை. 14ஆம் தேதி ஞாயிறு, காலை ஒன்பதரைக்குத் தெரியும்.