எல்லாத் துறையும் ஏற்றுக்கொண்ட தகடு

நோய் என்பது ஒரு தவறான அதிர்வு. அதைச் சரிசெய்ய மருந்து வேண்டாம், மருத்துவர் வேண்டாம், உள்ளங்கை அகலச் செப்புத் தகடு ஒன்று போதும். தண்ணீர்க் குடுவைக்கு அடியில் வைத்துக் குடித்தால் காய்ச்சல் முதல் சர்க்கரை வரை அத்தனையும் ஓடிவிடும்.

இதைச் சொன்னவர் அதிர்வு மாஸ்டர். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. கேட்டவர்களும் சிரிக்கவில்லை, வரிசையில் நின்றார்கள். வரிசை தெருமுனை திரும்பி அரசு மருத்துவமனை வாசலை அடைத்தது. உள்ளே போக வந்த நோயாளிகளும், எதற்கென்று கேட்காமல் அதிலேயே சேர்ந்துகொண்டார்கள்.

"சோதிச்சுப் பாக்கிறது சின்னப் புத்தி" என்பார் மாஸ்டர். பெரிய புத்திக்காரர்கள் பையில் கைவிட்டுப் பணத்தை எடுப்பார்கள்.

அவர்களில் ஒருவர் மின்சாமான் கடைக்காரர். தகடு வந்த அன்றே இன்சுலின் ஊசியை நிறுத்தினார். செருப்பு கடித்த புண் ஆறாமல் கறுத்துக்கொண்டே வந்தது. கல்லூரியில் புள்ளியியல் நடத்தும் அவருடைய தங்கை கெஞ்சிப் பார்த்தாள்.

"அண்ணே, ஊசியையும் போட்டுக்கோயேன். காலு போயிடும்."

"ரெண்டும் ஒத்துக்காதாம். நகராட்சி போட்ட நிபுணர் குழுவே ஏத்துக்கிச்சு, நீ என்ன பெரிய இவளா? அவங்க தப்புன்னு சொல்லட்டும், அன்னிக்கே குத்திக்கிறேன்."

மருந்துச் செலவை வெட்டிவிட்டு எல்லாச் சுகாதார நிலையங்களுக்கும் தகடு வாங்க நகராட்சி கூடியிருந்தது. அண்ணனைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு அவள் மண்டபத்துக்குப் போனாள். மேடையில் அதே நிபுணர் குழு, ஏற்கெனவே ஏற்றதைச் சபையில் சொல்ல உட்கார்ந்திருந்தது.

இயற்பியல் பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "அதிர்வுன்னு ஒண்ணு இருக்கிறது உண்மை. நோய் தீருமான்னு டாக்டர்தான் சொல்லணும்."

"அதிர்வு என் பாடம் இல்லைங்க" என்றார் டாக்டர். "சார்தான் உண்மைன்னுட்டாரே."

பொருளாதார நிபுணர் கண்ணாடியைத் துடைத்தார். "வேலை செஞ்சா, செலவு மிச்சம்."

"மக்கள் நம்புறாங்க. நம்பிக்கையை மதிக்கணும்" என்றார் சமூகவியல் அம்மையார்.

நகராட்சித் தலைவர் நான்கையும் கூட்டினார். "ஆக, எல்லாத் துறையும் ஒருமனதா ஏத்துக்குது."

'செஞ்சா' என்ற சொல் கூட்டலில் எங்கோ கீழே விழுந்துவிட்டது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

தங்கை எழுந்தாள். "உங்கள்ல யாராவது சோதிச்சுப் பாத்தீங்களா?"

நால்வரும் மற்ற மூவரைப் பார்த்தார்கள்.

மாஸ்டர் முந்திக்கொண்டார். "என் கைக்கே தெரியும்மா. தகடு வச்ச தண்ணி மேல கொண்டுபோனா நடுங்கும்."

மேசையில் குடுவைகளை வரிசையாக வைத்தார்கள். சிலவற்றின் அடியில் தகடு. சிலவற்றின் அடியில் ஒன்றுமில்லை. மாஸ்டரின் கை தகடு இருந்த இடத்தில் எல்லாம் பிசகாமல் நடுங்கியது. மண்டபம் கைதட்டியது.

"இப்ப மூடிட்டுப் பாக்கலாம்" என்றாள்.

பக்கத்து அறையில் டாக்டர் தனியாக நாணயம் சுண்டிச் சுண்டித் தகடுகளை மாற்றி வைத்தார், துணியால் மூடினார், உள்ளேயே நின்றுகொண்டார். எங்கே தகடு என்று தங்கைக்கும் தெரியாது. மேசையை உருட்டிக்கொண்டு வந்தார்கள்.

மாஸ்டரின் கை முதல் குடுவையிலேயே பேயாட்டம் ஆடியது. துணியைத் தூக்கினால், குடுவைக்கு அடியில் வெறும் மேசை. அடுத்ததில் கை சமாதானமாகத் தூங்கியது. அங்கே தகடு பளபளத்தது. திரும்பத் திரும்பச் செய்ததில், அந்தக் கையை நம்புவதற்கு டாக்டரின் நாணயத்தையே நம்பலாம் என்றாகிவிட்டது.

"உங்க சந்தேகம் அதிர்வைத் தடுக்குதும்மா."

"மூடாதப்பவும் இதே சந்தேகத்தோட இதே இடத்துலதானே நின்னேன், மாஸ்டர்?"

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. நிபுணர்கள் நால்வரும் தங்களுக்கு ஆரம்பத்திலேயே சந்தேகம் இருந்ததாகச் சொன்னார்கள். தலைவர் அதையும் ஒருமனதாக்கினார்.

அண்ணன் அன்றைக்கே ஊசிக்குத் திரும்பினார். ஒரு கால்விரல் போயிற்று, கால் தப்பியது.

சில வாரம் கழித்து, தங்கை கடையில் இருந்தபோது மாஸ்டர் வந்தார். பல்பு வேண்டுமாம். அண்ணன் பெட்டியோடு எடுத்து நீட்டினார். மாஸ்டர் வாங்கவில்லை. அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"எரியுதான்னு ஒரு தடவை போட்டுக் காட்டிடுங்க."

அண்ணன் தங்கையைப் பார்த்தார். "இத்தனை வருஷமா இதைக் கேக்காம ஒருத்தரும் பல்பு வாங்கினதில்ல. நானும் தகட்டை வாங்கினப்ப அந்தச் சின்னப் புத்தியைக் கடையிலயே வச்சுட்டுப் போயிருக்கேன் பாரு."

பல்பு எரிந்தது.

மாஸ்டர் கண்ணைச் சுருக்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அணைச்சுட்டு இன்னொரு தடவை" என்றார்.