முப்பது மட்டிகளும் என் ஓய்வும்

இனிமேல் சாகும்வரை எந்த வேலையும் செய்வதில்லை என்று முடிவெடுத்தேன். பஸ் டிப்போவில் முப்பத்துநாலு வருஷம் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற அன்று எடுத்த முடிவு அது. சரியாகப் பதினொரு நாள் உயிரோடு இருந்தது.

பன்னிரண்டாம் நாள் என் மனைவி டொறீன் தேத்தண்ணியைக் கையில் தந்தாள். சீனி கூடுதலாக இருந்தது. அப்போதே பயந்தேன்.

“தம்பி ரொமேஷ் கேட்டான். அவனோட ஸ்பைஸ் கார்டன்ல ஒரு ஆள் வேணுமாம். வெள்ளைக்காரங்க வந்தா ஏலக்காயக் காட்டி, இது ஏலக்காய்னு சொல்லணும். அவ்வளவுதான்.”

“எத்தன மணிக்கு?”

“காலைல ஏழரைக்கு.”

“உக்காந்தா, நின்னா?”

“நின்னுக்கிட்டு.”

எனக்கு அங்கேயே கால் வலிக்கத் தொடங்கியது. அலுவிகாரையில் எங்கள் வீட்டிலிருந்து அந்தத் தோட்டம் பத்து நிமிஷ நடை. சாக்குச் சொல்ல தூரம்கூட இல்லை.

அவசரமாக எனக்கு ஒரு தொழில் வேண்டியிருந்தது. செய்யாமலே செய்கிற தொழில். அந்த நேரம் பார்த்து மாத்தளை டவுனில் குளத்துச் சிப்பியான மட்டி வளர்ப்புக்கு ஒரு நாள் வகுப்பு நடந்தது. போனேன். பேசியவர் சொன்ன ஒரு விஷயத்தில் என் கண் கலங்கிவிட்டது. மட்டிக்குத் தீனி போட வேண்டாமாம். தண்ணீரில் இருப்பதை அதுவே வடிகட்டித் தின்றுகொள்ளுமாம். மாடு என்றால் புல் வெட்ட வேண்டும். கோழி என்றால் கூடு கழுவ வேண்டும். மட்டி கிடந்த இடத்தில் கிடக்கும். இத்தனை வயதில் எனக்கென்று ஒரு சொந்தம் கிடைத்ததுபோல் இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் இருந்த சீமெந்துத் தொட்டியில் மணலும் குளத்துத் தண்ணீரும் நிரப்பி, முப்பது மட்டிகளை இறக்கினேன். வளர்ச்சியை அளக்க வேண்டுமே. வகுப்பில் சொன்னபடி ஒவ்வொரு ஓட்டிலும் ஆணியால் இலக்கம் கீறினேன்.

டொறீன் எட்டிப் பார்த்தாள்.

“தொட்டிக்குள்ள முப்பது மட்டி. வெளிய ஒண்ணு.”

“சிரி, சிரி. இதுங்க வளந்து பண்ணையாகுறப்ப பேசுவோம்.”

“வளருமா?”

“வளராம?”

“அப்ப சரி. இன்னைக்கு விபூதிப் புதன். ஈஸ்டருக்குள்ள அரை இன்ச் வளந்தா நீங்க பண்ணைக்காரர். வளராட்டி ரொமேஷ்கிட்ட போகணும்.”

இவ்வளவு லேசாக அவள் ஒத்துக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் அடிமட்டத்தோடு தொட்டியில் குனிவேன். ஏழாம் நம்பர் மட்டி, நாற்பத்தொரு மில்லிமீற்றர். அடுத்த ஞாயிறு நாற்பத்தொன்று. அதற்கடுத்த ஞாயிறும் நாற்பத்தொன்று. நாலாவது ஞாயிறு நாற்பது. இடுப்பு பிடித்ததுதான் மிச்சம்.

வகுப்பில் தந்த கையேட்டை எடுத்தேன். முதல் பக்கத்தில் இருந்த ‘வாய்ப்புகள்’ எனக்கு மனப்பாடம். மற்றப் பக்கங்களைப் பார்க்கச் சோம்பல். இப்போது மூன்றாம் பக்கத்தைப் புரட்டினேன். மழை பெய்து தண்ணீரில் சத்துச் சேரும் மாதங்களில் மட்டி நன்றாக வளருமாம். வறண்ட மாதங்களில் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுமாம்.

அந்த வரிக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு இருந்தது. மளிகைச் சீட்டில் டொறீன் போடும் அதே வளைந்த கோடு.

திட்டம் போட்டுத்தான் என்னைக் கோடையில் பந்தயத்தில் இறக்கியிருக்கிறாள்! எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அலுப்பு வந்தது. அலுத்த மனுஷன் எதற்கும் துணிவான். மீன் விற்கும் முத்தலிப்பின் த்ரீவீலை மறித்தேன்.

“குளத்து மட்டி வேணும் முத்தலிப். பெரிசா முப்பது. உசிரோட.”

“கறிக்கா சேர்?”

“மானத்துக்கு.”

பெரிய வியாழன் மாலை டொறீன் கோயிலுக்குப் போனதும் வேலையைத் தொடங்கினேன். பெரிய மட்டிகளில் ஒன்று முதல் முப்பது வரை கீறித் தொட்டியில் போட்டேன். பழைய முப்பதையும் ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, விறகுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். முப்பத்துநாலு வருஷ உத்தியோகத்தில் ஒரு மாலையில் இவ்வளவு உழைத்ததில்லை.

ஈஸ்டர் அன்று ரொமேஷும் வந்திருந்தான். நான் அடிமட்டத்தை உயர்த்திப் பிடித்தேன்.

“ஏழாம் நம்பர். அறுபத்திரண்டு!”

டொறீன் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“சேசுவே! இந்தக் கோடையிலயும் வளந்திருக்கே!”

அவள் முகத்தில் இருந்த ஆச்சரியத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் அவள் தம்பி பக்கம் திரும்பினாள்.

“பாத்தியாடா ரொமேஷ்? கோடையில வளர்ற மட்டி வேற எங்க இருக்கு? தொட்டிய ஒன்னோட தோட்டத்துல கட்டு. அத்தானே நின்னு வெள்ளைக்காரங்களுக்கு விளக்கம் சொல்லட்டும்.”

“டொறீன், நான்தானே ஜெயிச்சேன்!”

“அதனாலதாங்க. ஏலக்காய யாரும் காட்டலாம். இதப் பண்ணைக்காரர்தானே காட்டணும்?”

“எத்தன மணிக்கு?”

“ஏழு மணிக்கு. தண்ணி மாத்தணுமே.”

அரை மணி நேரம் நட்டம்.

அந்த வாரமே தொட்டி கட்டி முடித்தார்கள். முதல் நாள் பதினாறு பேருக்கு விளக்கம் சொன்னேன். கால் மரத்துவிட்டது. மத்தியானம் டொறீன் கேரியரில் சோறு கொடுத்தனுப்பியிருந்தாள். மேல்தட்டைத் திறந்தால் தேங்காய்ப்பாலில் மட்டிக் கறி கமகமவென்றிருந்தது. ஓடெல்லாம் சின்னச் சின்னதாக இருந்தது. ஒன்றை எடுத்துத் துடைத்துப் பார்த்தேன்.

என் கையாலேயே கீறிய ஏழு.