ஓனர் யாரு?

நாற்காலியிலிருந்து எழுந்த வாடிக்கையாளர் கண்ணாடியில் பளபளத்த தன் மொட்டைத் தலையைப் பார்த்தார். "எவன்டா இதைப் பண்ணது?" என்று கத்தியிருந்தால் திருமலை பிழைத்திருப்பார். அவரோ தலையை ஒரு முறை தடவிவிட்டு, நிதானமாக, "கடை ஓனர் யாரு?" என்று கேட்டார்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின் தெருவில் 'தாட்சாயணி ஹேர் ஸ்டைல்ஸ்' என்ற அந்தக் கடைக்குள் அப்போது மூன்று பேர் இருந்தார்கள். டீ குடிக்கப் போய், அரசியல் பேசி, அப்போதுதான் திரும்பி வந்த முதலாளி திருமலை. மொட்டைத் தலைக்காரர். அவர் பக்கத்தில் ஒரு வாரத் தாடியும் கையில் சவரக் கத்தியுமாக நின்ற ஓர் ஆள்.

அந்த ஆள் யார் என்று திருமலைக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடையில் வேலை பார்த்தவன் பெங்களூருக்கு ஓடிவிட்டான் என்று அவர் புலம்பியதைக் கேட்டு, "பலமனேர்லருந்து கைராசிக்காரன் ஒருத்தனை அனுப்பறேன் மாமா" என்று மச்சான் சுதீர் முந்தின நாள்தான் போனில் சொல்லியிருந்தான்.

"கட்டிங்குக்கு வந்தவருக்கு ஏன்டா மொட்டை அடிச்ச?"

"அண்ணா, நான் வந்து ஷேவிங்குக்கு..."

"ஷேவிங்னா தாடியைத்தானே எடுக்கணும்? தலையையா எடுப்பாங்க?"

"இல்லண்ணா. இவரு வந்து உக்காந்தாரு. சீக்கிரம் ஆவட்டும்னாரு. அப்படியே தலையைக் குனிஞ்சு தூங்கிட்டாரு. பாவம், காத்துக்கினு கீறாரேன்னு நெனச்சேன். நான் வருஷக்கணக்கா மொட்டை அடிச்சவன். குனிஞ்ச தலையைப் பாத்ததும் கை தானா போய்டுச்சு."

அவன் பெயர் வெங்கடரமணன். குனிந்த தலையின் பெயர் ரகுராம். சட்டக் கல்லூரியில் பாடம் எடுப்பவர். வெள்ளிக்கிழமை அவருக்குக் கல்யாணம்.

"ஓனர் யாருன்னு கேட்டேன்," என்றார் ரகுராம்.

"அவரு ஊர்ல இல்ல சார். நகரி பக்கம் போய்க்கினு கீறாரு," என்றார் திருமலை.

ரகுராம் சுவரைப் பார்த்தார். கடை திறப்பு நாளில் மாலையும் கழுத்துமாக ரிப்பன் வெட்டிய திருமலை, போட்டோவில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சரி சார், நான்தான். ஆனா இவன் யாருன்னே எனக்குத் தெரியாது. வழில போற எவனோ உள்ள பூந்துட்டான் சார்!"

சொல்லும்போதே திருமலைக்கு உடம்பு கூசியது. இப்படிப் பச்சைப் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"வழில போறவன் கையில உங்க கத்தி எப்படி வந்தது? உங்க துணியை என் கழுத்துல எப்படிக் கட்டினான்? நான் கிளாஸ்ல இந்தப் பாடம்தான் எடுத்துண்டிருக்கேன். வேலைக்காரன் வேலையில பண்ற தப்புக்கு முதலாளிதான் பொறுப்பு. இவர் மேல எனக்குக் கோபமே இல்லை. கேஸ் உங்க மேலதான்."

ரகுராம் படி இறங்கினார். தெருவில் எதிரே வந்த குடும்பம் ஒன்று அவர் தலையைப் பார்த்ததும், "தரிசனம் நல்லா ஆச்சா?" என்று பக்தியோடு விசாரித்தது. அவர் விறுவிறுவென்று நடந்தார். அந்த நடையைப் பார்த்ததுமே கேஸ் நிச்சயம் என்று திருமலைக்குப் புரிந்துவிட்டது.

உடனே மச்சானுக்குப் போன் போட்டார். "டேய் சுதீரு, நீ அனுப்பின ஆளு என் குடியைக் கெடுத்துட்டான்டா!"

"அதுக்குள்ள வந்துட்டானா மாமா?"

"வந்து வேலையையும் முடிச்சுட்டான்!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தார்.

கடைக்கு மேல் மாடியில் வக்கீல் நளினியின் ஆபீஸ். திருமலை மூச்சிரைக்க ஏறிப்போய் எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

"அவரை என்ன வேலைக்கு வெச்சீங்க?" என்று கேட்டாள் நளினி.

"முடி எடுக்க மேடம்."

"என்ன தப்பு பண்ணார்?"

"முடியை எடுத்துட்டான் மேடம்."

"அப்போ தப்பிக்க முடியாது. சொந்தப் பகையில கஸ்டமரை ரெண்டு அறை விட்டிருந்தாலாவது, அது கடை வேலையில சேராதுன்னு நான் வாதாடிப் பார்ப்பேன்."

திருமலை கொஞ்சம் யோசித்தார். "இப்ப போயி அறைஞ்சுட்டு வரச் சொல்லட்டுமா மேடம்?"

"பேசாம இருங்க. இவனை எனக்குத் தெரியாதுன்னு சொன்னீங்களே, அதுதான் இருக்கறதிலேயே பெரிய தப்பு. கோர்ட்ல உங்களைப் பொய்யன்னு முடிவு பண்ணிடுவாங்க. என் ஆளுதான்னு ஒத்துக்கிட்டு சமாதானம் பேசுங்க. அதுவரைக்கும் அவரை எங்கயும் விடாதீங்க. வாயைத் திறக்கவும் விடாதீங்க. அவர் என்ன உளறினாலும் உங்க தலையிலதான் விடியும்."

அதனால் வெங்கடரமணன் திருமலையின் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனான். வழியில், "அண்ணா, என் தாடி..." என்று ஆரம்பித்தான்.

"ஊரே எரிஞ்சுக்கினு கீது, உன் தாடியா இப்ப முக்கியம்? வாயை மூடு."

விஷயத்தைக் கேட்ட அவர் மனைவி தாட்சாயணிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கடை அவள் வளையலில் எழும்பியது. போர்டில் அவள் பெயர் இருந்ததற்குக் காரணம் அதுதான். வளையல் இன்னும் அடகிலிருந்து திரும்பவில்லை. இருந்தாலும் வந்தவனைப் பட்டினி போட அவளுக்கு மனசு வரவில்லை. கோழிக்குழம்பு ஊற்றினாள்.

"அக்கா, நான் யாருன்னா..."

"பேசாதப்பா. வக்கீலம்மா சொல்லிக் கீறாங்க. துன்னு."

அவன் தின்றான். "இந்த மாதிரி மரியாதை எந்தக் கடையிலயும் எனக்குக் கெடைச்சதில்ல அக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி கேட்டான்.

சாயங்காலம் திருமலை விக் ஒன்று வாங்கிக்கொண்டு ரகுராம் வீட்டுக்குப் போனார். அங்கே நிலைமை அவ்வளவு மோசமில்லை. தலைப்பாகை கட்டிச் சமாளிக்கலாம் என்று மணப்பெண் ஸுப்ரஜா பெரிய மனசோடு சொல்லிவிட்டாளாம்.

"தலைப்பாகை எதுக்கு சார்? அசல் முடி. போட்டுப் பாருங்க," என்றார் திருமலை.

ரகுராம் மாட்டிக்கொண்டு மணப்பெண்ணுக்கு வீடியோ கால் போட்டார். ஸுப்ரஜா பார்த்தாள். சிரித்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் போனைத் தன் அம்மாவிடம் கொடுத்தாள். அந்த அம்மாள், "யாரது, உங்க ஹிஸ்டரி டீச்சரா?" என்று மகளைக் கேட்டது இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது.

ஸுப்ரஜா போனைத் திரும்ப வாங்கினாள். "இனிமே தலைப்பாகை கட்டினாலும் எனக்கு அந்த விக்தான் ஞாபகம் வரும். தாலி கட்டற நேரத்துல சிரிச்சுடுவேன். முடி வளரட்டும், அப்புறம் கல்யாணத்தை வெச்சுக்கலாம்," என்று சொல்லிவிட்டாள்.

திருமலை விக்கைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி மாடி ஏறினார். நளினி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு அவங்க கடைக்கு வந்தா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. இன்னிக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தான்னு சொல்லிடாதீங்க. விசாரிக்காம ஆள் வெச்சதுக்குத் தனியா ஒரு தப்பு சேரும்," என்றாள்.

மறுநாள் காலையில் ரகுராம் தன் வருங்கால மாமனார் ஸௌரிராஜனோடு கடைக்கு வந்தார். பளிச்சென்று திருமண் இட்டிருந்த ஸௌரிராஜன் நாற்காலியில் உட்கார மறுத்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு என்ன ஆனது என்பதை அவர் அறிந்திருந்தார்.

"தலையை மழிச்சவன் எங்கே?"

மூலை பெஞ்சில் தாடியோடு உட்கார்ந்திருந்த வெங்கடரமணனைத் திருமலை காட்டினார். தாட்சாயணி அவன் பக்கத்திலேயே காவலுக்கு நின்றிருந்தாள்.

"நேத்து இவன் யாருன்னே தெரியாதுன்னு சொன்னீராமே?"

"பொய் சொல்லிட்டேன் சாமி. பயத்துல சொல்லிட்டேன். இவன் என் ஆளுதான்."

"எத்தனை நாளா?"

திருமலை ஒருமுறை மாடிப்படிப் பக்கம் பார்த்தார். "ஆறு வருஷமா சாமி. என் கூடப் பொறந்தவன் மாதிரி."

வெங்கடரமணன் வாயைப் பிளந்தான். "அண்ணா, ஒரே ஒரு வார்த்தை சொல்லிக்கிறேன்..."

"நீ பேசாதடா. நீ பண்ணது நான் பண்ண மாதிரி!" என்று அவன் தோளைக் கட்டிக்கொண்டார் திருமலை. தான் இவ்வளவு நல்ல முதலாளி என்பது அவருக்கும் இப்போதுதான் தெரிந்தது.

ஸௌரிராஜன் கொஞ்சம் இளகினார். "அப்படியானா, கல்யாணம் தள்ளிப் போறதுல ஆகிற நஷ்டம் முழுக்க உம்முடையது. மண்டபம், சமையல், எல்லாம். பெருமாள் சாட்சியா ஒத்துக்கும். கேஸ் வேண்டாம்னு மாப்பிள்ளை கிட்ட நான் சொல்றேன்."

"ஒத்துக்கறேன் சாமி." மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார் திருமலை.

தாட்சாயணி கழுத்துச் சங்கிலியைக் கழற்றினாள். வளையல் போன வழியில் அதுவும் போகப்போகிறது என்று தெரிந்தே, முந்தானையில் முடிந்துகொண்டாள். திருமலையால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"ஆத்துக்காரியும் சம்மதிச்சாச்சு. இந்தக் காலத்துல இப்படி ஒரு முதலாளியா!" என்று ஸௌரிராஜன் வியந்தார். ரகுராமும், "அடுத்த வாரம் கிளாஸ்ல உங்களைத்தான் உதாரணமாச் சொல்லப்போறேன்," என்று கை கொடுத்தார்.

அப்போது கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு தோளில் பையோடு ஓர் இளைஞன் உள்ளே வந்தான். எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் போட்டான். பையை இறக்கி, தன் சொந்தக் கத்தரியையும் சீப்பையும் எடுத்துக் கண்ணாடி முன்னால் வரிசையாக வைத்தான். பிறகு மூலை பெஞ்சைப் பார்த்துவிட்டுத் திருமலையிடம் பணிவாகச் சொன்னான்:

"பலமனேர்லருந்து சுதீர் அண்ணன் அனுப்பின ஆளு நான்தாண்ணா, நேத்து பஸ்சு வழியிலயே நின்னுடுச்சு... தாடியோட காத்துக்கினு கீறாரே, அந்தக் கஸ்டமருக்கு ஷேவிங் ஆரம்பிச்சுடட்டுமா?"