தாய்மாமனை அறைந்து ஜெயித்த ஆட்டம்

என் தாய்மாமனை நான் கன்னத்தில் அறைந்திருக்கிறேன். ஒருமுறை அல்ல, மூன்று முறை. அதை ஐரோப்பாவிலிருந்து ஒரு பெண்மணி வீடியோவில் பார்த்துக்கொண்டும் இருந்தார். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் என்றால் கிட்டத்தட்ட சாமி. அவர் சீர் தட்டைத் தூக்காமல் ஒரு விசேஷமும் ஆரம்பிக்காது. அப்பேர்ப்பட்டவரை அடித்தவன் இன்னும் திருவொற்றியூரில் கைகால் முழுசாக நடமாடுகிறான் என்றால், அதற்குச் செஸ்தான் காரணம்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. சர்வதேச மாஸ்டர் பட்டம் வாங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. (தலைக்கனம் வந்து ஏழு மாதம்.) உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்களுக்கென்று நடந்த ஆன்லைன் ரேபிட் போட்டி ஒன்றில் எப்படியோ எனக்கும் இடம் கிடைத்துவிட்டது. ஆளுக்குப் பதினைந்து நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில நொடி கூடுதல், அவ்வளவுதான் கணக்கு. முதல் எட்டு இடத்துக்குள் வந்தால், வெளிநாட்டில் நேருக்கு நேர் நடக்கும் இறுதிச் சுற்றுக்கு அவர்களே டிக்கெட் போட்டு அழைத்துப் போவார்கள். நான் அதுவரை எல்லாப் போட்டிக்கும் ரயிலிலேயே போய் வந்தவன். விமானத்தை மணலிப் புகைக்கு நடுவே அண்ணாந்து பார்த்ததோடு சரி.

விதிமுறைகள் ரொம்பக் கடுமை. அறையில் ஆடுபவரைத் தவிர ஈ, எறும்புகூட இருக்கக் கூடாது. லேப்டாப் கேமரா முகத்தைப் பார்க்கும், பக்கத்தில் நிறுத்திய செல்போன் கேமரா அறையைப் பார்க்கும், நடுவர் இரண்டையும் பார்ப்பார். இதெல்லாம் எனக்குப் பிரச்சினையே இல்லை. என் பிரச்சினை வேறு. முதல் நாள் மற்ற ஆட்டக்காரர்களின் முதுகுக்குப் பின்னால் பார்த்தேன். ஒருவருக்குச் சுவர் நிறையப் புத்தகம், இன்னொருவருக்குக் கண்ணாடி ஜன்னலும் பனிமூட்டமும். எனக்குப் பின்னால் கேஸ் சிலிண்டர், துணிக்கொடி, பீரோ மேல் ஒரு பழைய துணி மூட்டை.

மானம் போகிறது என்று அம்மாவிடம் புலம்பினேன்.

"நம்ம வூட்டுக்கு இன்னாடா கொறச்சல்? சிலிண்டர் இல்லாம அவங்கல்லாம் வெறகுலயா ஆக்கறாங்க?" என்று கேட்டுவிட்டு அம்மா கீரை ஆய்ந்தாள்.

அந்தக் கேள்வியோடு நான் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. எங்கள் தெருவில் காதுகுத்தோ கருமாதியோ, பிளக்ஸ் வைக்காமல் எதுவும் நடக்காது. விசேஷம் முடிந்ததும் அந்த பிளக்ஸ் ஒழுகும் கூரைக்கோ பைக்குக்கோ போர்வையாகிவிடும். பின்பக்கம் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். அப்படி ஒன்று எங்கள் பரணில் கிடந்தது. தங்கையின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு தாய்மாமனான எங்கள் தேசிங்கு மாமா அடித்தது. விழா தங்கைக்குத்தான், ஆனால் பிளக்ஸில் அவள் ஒரு மூலையில் இட்லி அளவுக்குத்தான் இருப்பாள். நடுவில் மாமா ஆளுயரத்துக்கு நிற்பார். வெள்ளைச் சட்டை, கூலிங் கிளாஸ், காதில் செல்போன். (பிளக்ஸில் நிற்கிற யாரும் எங்கள் பக்கம் போன் பேசாமல் நிற்பதில்லை. அவ்வளவு பிஸி.)

நிஜத்திலும் மாமா அப்படித்தான். கண்டெய்னர் யார்டில் வேலை. தெருவில் இறங்கினால் போன் காதுக்குப் போய்விடும். எந்த லாரியை எண்ணூருக்குத் திருப்புவது, எதை ராயபுரத்துக்கு விடுவது என்று உத்தரவு போட்டபடியே டீக்கடை வரை நடப்பார். துறைமுகமே அவரைக் கேட்டுத்தான் நடக்கிறது என்று தெருவில் பலபேர் நம்பினார்கள்.

அந்த பிளக்ஸின் வெள்ளைப் பக்கம் கேமராவுக்குத் தெரியும்படி மேல் மூலைகள் இரண்டையும் ஆணியில் கட்டி என் பின்னால் தொங்கவிட்டேன். திரையில் பார்த்தால் ஏதோ பெரிய கம்பெனி ஆபீஸ் மாதிரி இருந்தது. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

கடைசிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை மதியம். ஜெயித்தால் எட்டாவது இடம், டிரா செய்தால்கூட வெளியே. எதிரில் ஒரு கிராண்ட்மாஸ்டர். அம்மா அக்கம்பக்கத்து மிக்ஸி, டிவி எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டாள். மாமா வாசலில் காவல். பிளக்ஸ் ஆடக் கூடாது என்று நான் ஃபேனைப் போடவில்லை. இருபதாவது நகர்த்தலில் வியர்வை கண்ணில் இறங்கி, ராணி எது மந்திரி எது என்று தெரியவில்லை. போனால் போகிறது என்று டேபிள் ஃபேனைத் தட்டிவிட்டேன்.

பிளக்ஸ் ஒரு மூலையில் அவிழ்ந்து, அரைவட்டம் அடித்து, மாமா படம் கேமராவைப் பார்க்கத் திரும்பி நின்றது. நான் கவனிக்கவில்லை. கவனித்தது ஐரோப்பாவில் உட்கார்ந்திருந்த நடுவர் அம்மாள். அவர் திரையில், கூலிங் கிளாஸ் போட்ட ஒரு மனிதர் சாய்ந்து என் தோளுக்கு மேல் ஆட்டத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு போனில் பேசுகிறார்.

உங்கள் பின்னால் நிற்பவர் யார் என்று அந்த அம்மாள் ஆங்கிலத்தில் கேட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். படம் என்று சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை. பெரியவரைப் பற்றிக் கேட்டால் உறவு சொல்லித்தான் எனக்குப் பழக்கம். "மை மாமா" என்றேன்.

அவரை உடனே வெளியே போகச் சொல்லுங்கள் என்றார். அவர் போக மாட்டார் மேடம் என்றேன். அடுத்த வார்த்தை அந்த அம்மாள் சொல்வதற்குள் எனக்கு மூளை வேலை செய்து, எழுந்து ஓடி, இது வெறும் பிளக்ஸ் என்று காட்டுவதற்காக மாமாவின் கன்னத்தில் பளார் பளார் என்று மூன்று விட்டேன். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டு நிஜ மாமா கதவைத் திறந்தார். அதே வெள்ளைச் சட்டை. காதில் போன்.

"இன்னாடா லோகு, என் மூஞ்சிலியே வெக்கிற?"

இப்போது இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றார் நடுவர். குரலில் நடுக்கம். பிறகு சுதாரித்துக்கொண்டு, அந்த மனிதர் யாரிடம் பேசுகிறார், போனைக் கேமராவில் காட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஆட்டம் முடிந்தது என்றார். நான் மாமாவிடம் சொன்னேன். மாமா அசையவில்லை. வாசலில் அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். அப்புறம் போனைக் கேமராவுக்கு முன்னால் நீட்டி, பொத்தானை அழுத்தி அழுத்திக் காட்டினார். திரை இருட்டாகவே இருந்தது.

"தண்ணில வியுந்து எட்டு மாசம் ஆவுது நைனா. செத்த போனு. ஒருத்தராண்டயும் பேசலன்னு அந்தம்மாகிட்ட சொல்லு."

சொல்லிவிட்டு யாரையும் பார்க்காமல் வெளியே போனார். மாமாவுக்கு அவருடைய கெத்துதான் உயிர். அதை எனக்காகத் தெருவே பார்க்கக் கழற்றி வைத்துவிட்டார். இனி இந்த ஆட்டத்தை விட்டேன் என்றால் நான் மனுஷனே இல்லை என்று உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தபோது மீதி ஐம்பது நொடி. ரோஷத்தில் ஆடினேன். முதல் காரியமாக யானையைச் சும்மா தூக்கிக் கொடுத்தேன். (தெரியாமல்தான்.) கிராண்ட்மாஸ்டர் அதில் ஏதோ சூழ்ச்சி இருப்பதாக நினைத்து, யோசித்து யோசித்து நேரத்தை எல்லாம் கரைத்தார். நான் இன்னொரு தப்பு செய்தேன். அவர் அதைவிடப் பெரிய தப்பு செய்தார். மூன்று நொடி மிச்சம் வைத்து அவர் ராஜாவை மூலையில் மடக்கிவிட்டேன்.

முடிவை நிறுத்தி வைத்து, நடுவர் குழு ஒரு மணி நேரம் ஆராய்ந்தது. பிறகு அந்த அம்மாளே வந்து சொன்னார். எச்சரிக்கை தருகிறோம், வெற்றி செல்லும். உங்கள் கடைசி நகர்த்தல்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம், உங்களுக்கு யாரும் உதவவில்லை என்பதில் எங்களுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. அதைப் பாராட்டு என்று நினைத்து நன்றி சொன்னேன்.

எட்டாவது இடம். தெரு முழுக்கச் சரவெடி. மாமா மட்டும் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார். துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். அம்மா யோசிக்கவே இல்லை, "ஒங்க மாமன இட்டுகினு போ" என்றாள்.

போனோம். போட்டி அரங்கத்து வாசலில் அந்த நடுவர் அம்மாள் நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். நான் கையை நீட்டிக்கொண்டு போனேன். அவர் என்னைத் தாண்டிப் போய், "மாமா!" என்று சுத்தமாக அழைத்து, இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்புறம் மற்ற நடுவர்களையும் கூப்பிட்டு அறிமுகம் செய்துவைத்தார். வரிசையில் நின்று அவரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக் கொடுத்தது நான்.

அந்த இறுதிச் சுற்றில் நான் எத்தனாவது வந்தேன் என்று எங்கள் தெருவில் இன்றுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. மாமா சொல்லும் கதையில் போட்டிக்குப் போனது அவர், துணைக்குப் போனது நான். அவர் சொல்லச் சொல்லப் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவது என் வேலை.