ஈரத் தலையும் கருந்துளையும்

அசைவை வைத்தே ஆளைக் கண்டுபிடிப்பவர்கள் என்றோர் இனம் உண்டு. அந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதி ஒரு புதன்கிழமை மாலை, பக்கத்து மேசைக்காரரிடம் "வரேன்" என்றுகூடச் சொல்லாமல் ஊரைவிட்டுக் கிளம்பினாள்.

அவள் பார்த்த வேலை அப்படி. கருந்துளை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதற்குத் துணையாக ஒரு நட்சத்திரம் இருந்தால், அது வெற்றிடத்தைச் சுற்றுவதுபோலத் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டத்தை அளந்தால் மறைந்திருந்து இழுப்பதன் கனம் தெரிந்துவிடும். இதை ஆய்வகத்தில் செய்தாள், சம்பளம் கொடுத்தார்கள். வீட்டிலும் செய்தாள். யார் கேட்டார்கள்? அப்பா குளிக்கும்போது பாடினால் அவர் மனசில் யாரோ இருக்கிறார்கள். அம்மா போனோடு பால்கனிக்குப் போனால் மாப்பிள்ளை பார்க்கிறார்கள்.

பக்கத்து மேசைக்காரரை அவளுக்குப் பிடிக்கும். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், அவர் நாலு மணியானால் காணாமல் போகத் தொடங்கினார். ஆறு மணிக்குத் திரும்புவார். ஈரத் தலை: குளித்திருக்கிறார், யாருக்காகவோ. சிவந்த கண்: அழுதிருக்கிறார், யாராலோ. கணக்குப் போட்டாள். மறைந்திருப்பவள் கனமான ஆள்.

பூமியும் ஓடுகிறது, ஆகவே நட்சத்திரத்தை அளப்பவர் முதலில் தன் ஓட்டத்தைக் கழிக்க வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு அவள் நடத்தும் முதல் பாடமே அதுதான். பாடம் நடத்துபவர்கள் வீட்டுப்பாடம் செய்வதில்லை.

"ஏம்மா, அவர்கிட்டயே கேட்டுட்டா என்ன?" என்றார் கணினிப் பிரிவு அக்கா.

"நட்சத்திரத்துகிட்டப் போய் யாராவது கேப்பாங்களாக்கா? பாத்தே சொல்லணும்."

"அப்ப பாத்துக்கிட்டே இரு."

அதையும் செய்யவில்லை, அந்தப் புதன்கிழமை கிளம்பிவிட்டாள். மலை மலையாகத் தொலைநோக்கி மாற்றி, நாடு நாடாகச் சுற்றி, பல வருடம் கழித்து ஒருவழியாக வீடு திரும்பிப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அவரிடமிருந்து அந்தச் செய்தி வந்தது.

"நீங்க ஏன் போனீங்கன்னு அக்கா இப்பத்தான் சொன்னாங்க. லீவு கிடைச்சா கடல்ல நீந்தணும்னு ஒருநாள் சொன்னீங்கல்ல? எனக்குத் தண்ணின்னாலே பயம். கத்துக்கிட்டு அப்புறமா கூப்பிடலாம்னு தினமும் நீச்சல் குளத்துக்குப் போனேன். மருந்துத் தண்ணி, கண்ணு எரியும். இப்ப நல்லா நீந்துறேன். என் மகளும் நீந்துறா."

இரண்டு முறை படித்தாள். அழுகை வர வேண்டிய இடம். வந்தது கேள்விதான்: அக்கா இதை இப்போது போய் ஏன் சொன்னார்? பின்னால் யார்?

சிரிக்காதீர்கள். மகள் என்றதும், 'தாய் யாராக இருக்கும், ஒருவேளை அந்த அக்காவோ?' என்று உங்களுக்கும் ஓடியதல்லவா? வாருங்கள், தள்ளி உட்காருகிறோம். நம் இனத்தில் இன்னும் இடம் இருக்கிறது.